வல்லூறு காலில் கட்டிய நூல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பறவையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு கை, தெரியாதது ஒரு வண்டி. ஐப்பசியில் வரும், பங்குனியில் போகும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, போன வருஷம் வந்ததேதான் இந்த வருஷமும் வந்திருக்கிறதா, ஒரு எழவும் எனக்கு விளங்கியதில்லை. அப்படி விளங்காத ஒன்றைக் கூப்பிட்டு எங்கள் வீட்டு வழக்குக்கு நடுவராக வைத்தோம், நானும் என் அண்ணனும். அந்தக் கூத்தைத்தான் எழுதப் போகிறேன்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில் திருச்சுழி ரோட்டைப் பார்த்த கடைசி வீடு எங்களுடையது. அதைத் தாண்டினால் கரிசல் காடு, ரோட்டோரம் தந்திக் கம்பம், அவ்வளவுதான். தெருவில் மற்றவர்கள் நெய்தார்கள். நாங்கள் நூலுக்குச் சாயம் போட்டோம். அப்பா போன பிறகு பட்டறை அண்ணன் கைக்கும் என் கைக்கும் வந்தது. தொட்டி இரண்டு, அடுப்பு இரண்டு, கோபம் மட்டும் ஆளுக்கு ஒன்பது. வீட்டில் பேச்சு தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அதனால் அண்ணியை நான் வதினா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாழ வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அம்மா இல்லை. எனக்குத் தலை துவட்டிவிட்டதும் அவர்தான், முதுகில் இரண்டு வைத்ததும் அவர்தான். நான் சொல்கிற காலத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் காதுவரை இருந்தது.

யுத்த காலம் அது. நல்ல சாயப்பொடி வருவது நின்றுபோய், எவனெவனோ கலந்து அடைத்த டப்பாதான் கிடைத்தது. சிவப்பு நூல் நான்கைந்து மாதத்தில் வெளுத்தது. வீரசோழன் என்ற ஊரிலிருந்து வரும் கைலி வியாபாரி ஒருவர், மூட்டையைப் பட்டறை வாசலிலேயே அவிழ்த்து ஒரு கைலியை விரித்தார். "இது செவப்பாங்க? நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம். அவர் அப்படி மெதுவாகச் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் மானக்கேடாகிப் போயிற்று.

வியாபாரி போனதும் ஆரம்பித்தது சண்டை. டப்பாவைக் குறை சொல்ல எங்களுக்குத் தோன்றவே இல்லை. டப்பா ஊருக்கெல்லாம் பொது, அதைத் திட்டி என்ன சுகம்? நான் கிணற்றைத் திட்டினேன். எங்கள் பட்டறைக் கிணறு உப்பு. அந்த உப்புதான் சாயத்தை அரிக்கிறது, பாளையம்பட்டிப் பக்கத்து ஊருணி நல்ல தண்ணீரில் போட்டால் நிற்கும் என்றேன். அண்ணன் துள்ளிக் குதித்தார். அப்பா காலம் தொட்டு இந்த உப்புத் தண்ணீரில்தான் சாயம் பிடித்தது, நல்ல தண்ணீர் குடிப்பதற்கு, சாயத்துக்கு அல்ல என்றார். அன்றிலிருந்து அவர் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர், என் தொட்டியில் ஊருணித் தண்ணீர். ஊருணி தெருவுக்கு மறுகோடியில் ஒரு மைல். குடிக்கவும் என் தொட்டிக்கும் சேர்த்து வதினாதான் தூக்கி வந்தார்.

"ஏலே, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க" என்றார் அண்ணன் ஒருநாள், கையில் இருந்த கோலைத் தொட்டி விளிம்பில் ஓங்கித் தட்டி. "என் தண்ணி தப்புன்னு ஆச்சுன்னா பட்டறைய நீயே வச்சுக்க. இவளக் கூட்டிக்கிட்டு நான் மதுரைக்குப் போறேன். உன் தண்ணி தப்புன்னா நீ வேற எடம், வேற அடுப்பு பாத்துக்க. ரெண்டு தண்ணி ஓடுற வீட்டுல ஒரு ஒல கொதிக்காது."

"சரிண்ணே. பாத்துருவோம்" என்றேன். யார் ஜெயித்தாலும் வதினா சமைக்கிற அடுப்பு இல்லாத வீட்டில் நான் இருக்கப் போகிறேன் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

எப்படிப் பார்ப்பது? இரண்டு தொட்டி நூலையும் கூரைமேல் வெயிலில் கட்டினோம். பத்தாம் நாள் என் நூலில் அண்ணன் சவுக்காரம் தடவியிருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். தன் நூலை நான் கள்ளத்தனமாகக் கசக்கினேன் என்று அவருக்கு. இன்னொரு தடவை வேப்பமர உச்சியில் கட்டினோம். இரண்டு பேரும் மாறி மாறி மரத்தடியில் காவல் இருந்ததில் தொட்டிகள் காய்ந்துபோயின. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பொது இடம் இந்த உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் பறவை வருகிறது.

எங்கள் பக்கம் அதற்கென்று தனிப் பெயர் கிடையாது. வளைந்த மூக்கும் கூர் நகமும் இருந்தால் வல்லூறு, அத்தோடு சரி. புறாவைவிடச் சற்றுச் சின்னது. முதுகு செங்கல் நிறம், அதில் கறுப்புப் புள்ளி. தலை சாம்பல். கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு இறங்கும், மை வழிந்த மாதிரி. கோழிக்குஞ்சைத் தூக்கும் வைரியைக் கண்டால் தெருவே கத்தும். இதைக் கண்டால் யாரும் கத்த மாட்டார்கள். இது குஞ்சைச் சீண்டாது. வெட்டுக்கிளி, ஓணான், அரணை, வயல் எலி, இவைதான் அதன் பாடு.

அதனிடம் ஒரு வித்தை இருந்தது. வானத்தில் நிற்கும். பறக்கிற ஒன்று நிற்க முடியுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், அதுபாட்டுக்கு நின்றது. காற்றுக்கு முகம் கொடுத்து, வாலை விசிறிபோல விரித்து, இறக்கையைப் படபடவென்று அடித்து, ஒரே புள்ளியில். உடம்பெல்லாம் ஆடும், தலை மட்டும் ஆடாது. கீழே புல்லில் ஒன்று அசைந்தால் கொஞ்சம் இறங்கி நிற்கும், இன்னும் கொஞ்சம் இறங்கி நிற்கும், பிறகு கல் விழுந்த மாதிரி விழும். பத்துத் தடவை விழுந்தால் மூன்று நான்கு தடவைதான் காலில் எதுவும் இருக்கும். மற்ற நேரம் வெறுங்காலோடு எழுந்து, வெட்கமே இல்லாமல் மறுபடி போய் நிற்கும். வெட்டுக்கிளி சின்னது என்றால் பறந்தபடியே காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்ளும். ஓணான் என்றால் தந்திக் கம்பத்துக்கு வந்து, தலையிலிருந்து ஆரம்பிக்கும். கம்பத்தடியில் அது கக்கிப் போட்ட உருண்டைகள் கிடக்கும். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். எலி மயிர், வெட்டுக்கிளிக் கால், ஊசி ஊசியாக எலும்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததற்கு வதினாவிடம் வாங்கிய வசவு இப்போதும் காதில் இருக்கிறது.

மாசி மாதம் ஒரு காலை. எதிர்வீட்டுப் பெரியவர் தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார். தறியில் ஏற்றுவதற்கு முன் இழைகளை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவது எங்கள் தெருவில் தினம் நடப்பது. பாவுக்குக் கீழே ஒரு அரணை ஓடியிருக்கிறது. வல்லூறுக்கு இழை தெரியவில்லை, அரணை தெரிந்தது. விழுந்தது. ஈரக் கஞ்சியில் காலும் இறக்கையும் சிக்கி, கீக்கீக்கீ என்று அது போட்ட கூச்சலில் தெருவே திரண்டது.

பாவை அறுப்பது எங்களில் சாதாரணக் காரியமில்லை. அதுவும் அது கல்யாணப் புடவைக்குப் போட்ட பாவு. பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அறுக்காம எடுங்கப்பா, அறுக்காம எடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், பறவை தலையைத் தொங்கப்போட்டதும், "அட, அறுத்துத் தொலைங்கடா, உசிருல்ல" என்றார். பதினாறு இழை அறுத்தோம். துண்டில் சுற்றி அவரே மடியில் வைத்துக்கொண்டார். சின்ன உடம்பு. நெஞ்சு அடிப்பது துண்டுக்கு வெளியே தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது.

"அண்ணே, இது அடுத்த மாசம் போயிரும். ஐப்பசிக்குத்தான் வரும். நடுவுல நீங்களும் தொட முடியாது, நானும் தொட முடியாது. வெயில் மழை எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். ஆளுக்கொரு நூல் கட்டி விடுவோம்."

வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளாத அண்ணன் இதற்கு உடனே ஒத்துக்கொண்டார். அதுதான் எங்கள் ரத்தம். காயவைத்திருந்த இரண்டு கழியிலிருந்தும் வதினாதான் நூல் உருவிக் கொண்டுவந்தார். கொடுக்கும்போது என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்களுக்கு அதைக் கவனிக்க எங்கே நேரம்? பெரியவர் பறவையை வயிறு மேலே தெரிய மல்லாத்திப் பிடித்தார். அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான், எதிரெதிராகக் குந்தினோம். நாலு இழையை முறுக்கி, அறுந்த இழைக்குப் போடும் முடிச்சையே போட்டு, நுனியைக் கடித்து எடுத்தோம். "வலது காலு, ஞாபகம் வச்சுக்க" என்றார் அண்ணன். "என்னுது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்" என்றேன் நான்.

விட்டதும் அது நேராகத் தந்திக் கம்பத்துக்குப் போய், அரை நாள் உட்கார்ந்து கால்களை அலகால் நிமிண்டிக்கொண்டே இருந்தது. பிறகு மறந்துவிட்டது போலிருந்தது. பங்குனியில் ஒரு நாள் வெக்கைக் காற்று அடித்தது. மறுநாள் கம்பம் காலி.

அது எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். கடலைத் தாண்டி இலங்கைக்கு என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். எங்கும் போகாது, மலைப் பொந்தில் தூங்கும் என்றார் ஒருவர். எங்கள் பட்டறையில் நூல் வாங்கிப்போகும் கிறிஸ்தவ வாத்தியார் ஒருவர் மட்டும், "வடக்க போகுதுய்யா. பனி மலையெல்லாம் தாண்டி. அங்க போயித்தான் குஞ்சு பொரிக்கும்" என்றார். குஞ்சு பொரிக்கிற இடம்தானே சொந்த ஊர்? அப்படியானால் வருஷத்தில் ஆறு மாதம் நம் கரிசலில் வந்து நிற்பது எந்தக் கணக்கு? பிழைக்க வந்ததா, விருந்துக்கு வந்ததா? வாத்தியாரிடம் கேட்டேன். "அதை அதுக்கிட்டத்தான் கேக்கணும்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பனி மலையைத் தாண்டுகிற ஒன்றின் காலில் எங்கள் பட்டறை நூல் போகிறது என்பதை நினைத்தால் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் வாத்தியார் புளுகுகிறாரோ என்றும் இருந்தது.

அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. தீர்ப்பு வானத்தில் இருக்கும்போது கீழே என்ன பேச்சு? அண்ணன் தன் தொட்டியைக் கிண்டினார், நான் என் தொட்டியைக் கிண்டினேன். நான் தினமும் என் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, "ஆகா, இது தண்ணி! தொட்டாலே தெரியுதே" என்று அண்ணன் காதில் விழும்படி சொல்வேன். அவர் காறித் துப்புவார். அதோடு சரி. பல வருஷங்களுக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வதினா சிரித்துப் பேசினார். ஆடி மாதம் கொழுக்கட்டை வைத்தார், என் இலையில் இரண்டு கூட.

அடிக்கடி ஒன்று கேட்பார். "ஏன் தம்பி, அது கண்டிப்பா வருமா?"

"வரும் வதினா. கவலப்படாதீக."

"வழியில எத்தன இருக்கு. பாம்பு, பருந்து, மழை..."

"அதெல்லாம் தப்பிச்சு வரும் வதினா."

என் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

ஐப்பசி பிறந்தது. முதல் மழை பெய்து காடு பச்சை பிடித்தது, வெட்டுக்கிளி தத்தியது, நாங்கள் இரண்டு பேரும் கழுத்து வலிக்க அண்ணாந்தபடி திரிந்தோம். ஒருநாள் அண்ணன் தொட்டிக்கோலோடு ஓடி வந்தார். "ஏலே, வந்துருச்சு!"

வந்திருந்தது. நின்றது, விழுந்தது, எழுந்தது, எல்லாம் அதே வித்தை. ஆனால் தலை சாம்பல் இல்லை. உடம்பு முழுக்கப் பழுப்பு, வாலில் வரி வரியாக. நான் குழம்பிப்போனேன். அண்ணன் குழம்பவில்லை. "வெயில்ல தலச் சாயம் போயிருச்சு. உன் நூலு மாதிரி" என்றார்.

பறவை பிடிக்கிறவர் ஒருவர் அப்போது ஊர்க்கோடியில் குடும்பத்தோடு கூடாரம் போட்டிருந்தார். அவரைக் கூட்டிவந்தோம். அவர் ஒரு சின்ன மூங்கில் கூண்டுக்குள் உயிரோடு எலியை விட்டார். கூண்டு மேலெல்லாம் குதிரை முடியில் சுருக்குப் போட்டிருந்தார். வடக்குக் காட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வல்லூறு எலிமேல் விழுந்து, சுருக்கில் கால் மாட்டிக்கொண்டது. ஓடினோம். இரண்டு காலும் வெறுங்கால்.

"முடிச்சு அவுந்திருச்சு" என்றேன் நான். "ரெண்டுமா?" என்றார் அண்ணன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பறவை பிடிக்கிறவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "சாமி, நீங்க நூல் கட்டுனது சாம்பத் தலையா?"

"ஆமா."

"அது கெடா. இது பொட்ட. இது ரோட்டுக்கு வடக்காலக் காடு, அது தெக்காலக் காடு. இங்க இருக்கிற வரைக்கும் ஒண்ண ஒண்ணு கிட்டச் சேக்காது, தொரத்தும். அது வர இன்னும் நாளாகும்." சொல்லிவிட்டு அதைக் காற்றில் வீசி விட்டார். ஒரே சாதி, ஆணும் பெண்ணும், ஆளுக்கொரு காடு என்று பிரிந்து மேய்கிறதாம். இத்தனை வருஷம் பார்த்த எனக்கு இது தெரியவில்லை. அவற்றுக்கு அங்கே வடக்கில் என்ன உறவு, இங்கே என்ன பகை, அதுவும் எனக்கு விளங்கவில்லை.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள். தெற்குக் காட்டில், அதே கம்பத்தில், சாம்பல் தலை. காலை மாற்றி உட்கார்ந்தபோது ஒரு காலில் என்னவோ கண்ணில் பட்டது.

"என்னுது!" என்று கத்தினேன்.

"ஏலே, என்னுதுலே!" என்று அண்ணன் கத்தினார்.

ஒரு காலில்தான் நூல் இருந்தது. எவன் நூல் நின்றதோ அவன் ஜெயித்தான் என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டோம். கூண்டு வந்தது. இந்தத் தடவை அது சீக்கிரம் விழவில்லை. கூண்டுக்கு நேர் மேலே வந்து நின்றது, போனது, மறுபடி வந்து நின்றது. மாசியில் பாவில் சிக்கிய நினைப்பு அதற்கு இருந்ததோ என்னவோ. வெயில் ஏறிய பிறகுதான் பசி ஜெயித்தது.

தெரு முழுக்க எங்கள் வாசலில். பறவை பிடிக்கிறவர் இறக்கையை ஒரு கையில் ஒடுக்கிப் பிடித்துக் காலை நீட்டிக் காட்டினார். முடிச்சு எங்கள் முடிச்சு, அதில் சந்தேகமில்லை. நூல் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. சிவப்பு என்று ஒன்று அதில் இருந்ததற்கு முடிச்சுக்கு உள்ளே ஒரு மயிரிழை சாட்சி. மீதியெல்லாம் பழைய வேட்டி நிறம்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் நகர்ந்தோம்.

"இது உங்க நூலுண்ணே" என்றேன் நான்.

"எது என் நூலு? நான் கட்டுனது வலது காலு. இது எடது காலு. இது உன்னுது."

"நான் கட்டுனதும் வலது காலுதான்!"

"ரெண்டு பேரும் ஒரே காலுலயாடா கட்டுனோம்?"

தெரு சிரித்தது. எதிர்வீட்டுப் பெரியவரைப் பிடித்து உட்காரவைத்தோம். அவர் மடியில் துண்டைச் சுற்றிப் பறவைக்குப் பதில் நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்றை வைத்து, அண்ணன் அந்தப் பக்கம் குந்த, நான் இந்தப் பக்கம் குந்த, போன மாசி மாதத்தை அப்படியே நடித்துப் பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது, எதிரெதிராக உட்கார்ந்தவர்களில் அவரவர் வலது கைப்பக்கம் இருந்ததை அவரவர் வலது கால் என்று வைத்திருக்கிறோம். பறவைக்கு எது வலது? மல்லாந்த பறவைக்கு? பெரியவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்? கிழக்கு என்றார் ஒருவர். காலை வெயில் முதுகில் அடித்தது, அதனால் மேற்குதான் என்றார் பெரியவரே. பறவையின் தலை யார் பக்கம் இருந்தது என்று கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு என் கையிலேயே எது வலது என்று சந்தேகம் வந்துவிட்டது. பறவை பிடிக்கிறவர் கையிலிருந்த வல்லூறு மட்டும் அமைதியாக, அந்த மை வழிந்த கண்ணால் ஒவ்வொருவரையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் எழுந்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "போதும். இவன்கிட்ட நாயம் பேசி ஆகாது. ஏய், உள்ள போயி பாத்திரத்தப் பிரி. நாளைக்கு மதுரை பஸ்ஸு."

"போங்க, யாரு வேணாம்னா?" என்றேன். சொன்ன கையோடு வதினாவைப் பார்த்தேன். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

வதினா உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். அவர் இடுப்பில் ஒரு குடத்தோடு வெளியே வந்தார். குடத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், அந்தத் தார்க்குச்சிமேலேயே டொம்மென்று வைத்தார். வீட்டுக்குள் தெலுங்கில் சொல்லியிருக்கலாம். தெருவுக்கெல்லாம் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னார்.

"பிரிக்க என்ன இருக்கு? தொட்டி ரெண்டு, தண்ணி ஒண்ணு."

யாருக்கும் புரியவில்லை. எனக்குத்தான் கடைசியாகப் புரிந்தது.

"போன வருசம் மழை ஏமாத்துச்சுல்ல, தை மாசமே ஊருணியில காவலுக்கு ஆள் போட்டுட்டாக. குடிக்க ஆளுக்கு ஒரு குடம், சாயத்துக்குச் சொட்டுக் கெடையாதுன்னுட்டாக. அன்னையிலருந்து நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி இந்தத் தம்பி தொட்டிக்கும் நம்ம கெணத்துத் தண்ணிதான் ஊத்துறேன். அந்தக் குருவி காலுல கட்டுன ரெண்டு நூலும் ஒரே தண்ணிதான். எந்தக் காலா இருந்தா என்ன?"

தினமும் விரலை விட்டு, "ஆகா, இது தண்ணி" என்று சொன்னேனே, அந்த விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணன் குரல் இறங்கிப்போயிருந்தது. "ஏன்டி, பத்து மாசமாச் சொல்லல?"

"யாரு கேட்டீக?" என்றார் வதினா. "பத்து மாசத்துல ஒரு நாளு, ஊருணியில தண்ணி கெடக்கா, நீ எப்படித் தூக்கிட்டு வாரன்னு ரெண்டு பேருல ஒருத்தர் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்." பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "சொன்னா அன்னைக்கே சண்ட, அன்னைக்கே பிரிவு. சொல்லலைன்னா அது திரும்பி வார வரைக்குமாவது வீடு ஒண்ணா இருக்கும்ல? அது வரவே கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டேன் தம்பி. வாயில்லாச் சீவன், வழியில செத்துப் போகணும்னு வேண்டிக்கிட்டேன். அந்தப் பாவத்தையும் எனக்குச் சேத்து வச்சீகல்ல ரெண்டு பேரும்."

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பறவை பிடிக்கிறவரிடம் போனார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "விட்டுருங்கய்யா" என்றார். அது தெற்குக் காட்டுப் பக்கம் தாழப் பறந்து போனது.

அண்ணன் மதுரை பஸ் ஏறவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அன்று மத்தியானம் டப்பாவில் மிச்சமிருந்த சாயப்பொடியை எடுத்துக் கண்ணுக்கு நேரே வைத்து, முதல் தடவையாக அதைத் திட்டினார். அவரைவிட நான் அதிகமாகத் திட்டினேன். ஆனால் இன்றுவரை ஒன்று உறுத்துகிறது. அந்த ஒரு நூல் யாருடையது? மற்றது எந்த ஊரில், எந்த மலையில் விழுந்தது? அதே பறவைதான் திரும்பி வந்தது, முடிச்சு சாட்சி.

மறுநாள் காலை வதினா எடுப்பதற்கு முன் குடத்தை நான் எடுத்தேன். ஊருணிக்கரையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காவல்காரர், "என்னய்யா, வீட்டுல பொம்பளைகளுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். ஐப்பசி மழையில் ஊருணி பாதி நிறைந்திருந்தது. ஒரு குடம் மொண்டு தோளில் ஏற்றினேன். அது இவ்வளவு கனக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு மைல் தூரத்தில் நான்கு இடத்தில் இறக்கி வைத்தேன், சட்டையெல்லாம் நனைந்தது.

எங்கள் தெரு முனைக்கு வந்தபோது தலைக்கு மேலே கீக்கீக்கீ என்று ஒரு குரல் கேட்டது. சாம்பல் தலையா, பழுப்பா, கால் வெறுங்காலா என்று தெரியவில்லை. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் குடம் விழுந்துவிடும்.